பிரிட்ஜுக்கு ஒரு கும்பிடு

புது பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிக்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளை புகுந்து மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் பழைய பிரிட்ஜ் சாயங்காலம் இரும்புக்கடைக்குப் போகிறது. அங்கே ஒரு பிள்ளை இப்படி உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டால்? மூச்சு முட்டிப் போகும். கதவைக் கழற்றித்தான் அனுப்ப வேண்டும்!

(எலக்ட்ரிக்கல் இரண்டாம் ஆண்டு. யாரையாவது காப்பாற்றாவிட்டால் சோறு இறங்காத வயசு.)

அன்றைக்கு அக்காவைப் பெண் பார்க்கக் கழுகுமலையிலிருந்து ஆள் வருகிறார்கள். ராகுகாலம் கழியாமல் புதுசை ஓடவிடக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்ததால், பாலும் மாவும் ஹாலில் நின்ற பழைய பிரிட்ஜில்தான் இருந்தன. அதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. கழற்றினேன். துருப்பிடித்த கீல் உடைந்து கையோடு வந்தது.

"ஏட்டி, என்னத்தப் பண்ணி வச்சிருக்க? அவிய பஸ்ஸ விட்டு இறங்கிட்டாவளாம்!" என்று அம்மா அலறினாள்.

"பிள்ளைங்க பாதுகாப்பும்மா..."

"முதல்ல பிளக்கப் பிடுங்குனியாட்டி?"

பிடுங்கவில்லை. உள்ளே பல்பு ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. எர்த் பற்றி ஊருக்கே வகுப்பெடுத்தவள் நான்.

"பால் திரிஞ்சிரும், ஓடட்டும்" என்று அம்மா பட்டுக்கரைத் திரைச்சீலை ஒன்றை எடுத்து முன்னால் தொங்கவிட்டாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், இந்தச் சம்பந்தம் முறிந்தால் அடுத்து என் கழுத்துதான் என்று எழுதியிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார். திரைக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம். ரீங்காரம் வேறு.

"சாமி இங்கனதான் வச்சிருக்கியளா? கும்பிட்டுட்டு உட்காருதேன்."

நாங்கள் வாயைத் திறக்குமுன் கண்ணை மூடிக் கைகூப்பினார். அப்புறம் திரையை விலக்கினார். மாவுச்சட்டி, அரைமூடித் தேங்காய், நாலு கத்தரிக்காய்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சாமி நல்லா குளுகுளுன்னு இருக்காவளே!" என்று அவர் சிரித்த சிரிப்பில் அக்கா கையிலிருந்த காப்பித் தட்டே ஆடியது. நடந்ததைக் கேட்டுவிட்டு, "பிள்ளைங்களுக்காகத்தான கழத்துனா, விடுங்க" என்றார். சம்பந்தம் நிச்சயமாகிவிட்டது.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்த அத்தை முதலில் பிரிட்ஜைத்தான் கும்பிடுவார். நேற்று போன் செய்தார்.

"ஏட்டி, எங்க கிரைண்டரத் தொட்டா சுருக்குங்குது. வந்து பாரு. திரைச்சீலை எடுத்து வச்சிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை கழுகுமலை போகிறேன். முதலில் பிளக்கைப் பிடுங்குவேன். சத்தியமாக.