கேஸ் மீட்டர் ஓடாத வீடு

ஹேலிஃபாக்ஸ்,
ஜனவரி.

அன்புள்ள தங்கை மார்ஜரிக்கு, அண்ணன் கிளிஃபோர்ட் எழுதுவது. நலம், அதாவது, பேனா பிடிக்க விரல் மடங்கும் அளவுக்கு நலம். ஸ்பெயினில் வெயில் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். படித்து மிகவும் வருந்தினேன்.

நம் கருணைமிகு அரசாங்கம், தனியாக வாழும் ஏழைக் கிழங்களுக்குக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க உதவிப்பணம் தருகிறதல்லவா? கூடவே, கேஸைச் சிக்கனமாகச் செலவிடச் சொல்லி ஓர் அறிவுரைத் தாளும் வரும். நான்தான் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாயிற்றே! அக்டோபரிலிருந்து வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரைத் தொடவே இல்லை. பகலில் முதியோர் பாஸை வைத்துக்கொண்டு பிராட்ஃபோர்டுக்கு பஸ்ஸில் போய் வருவேன். சீட்டும் ஓசி, சூடும் ஓசி. சாயங்காலம் எதிர்வீட்டு மியூரியல் வீட்டுக் கணப்பு. பாவம், புருஷனை இழந்தவள். கணப்புக்காக மட்டும்தான் போகிறேன், நீ பாட்டுக்குக் கற்பனை பண்ணாதே.

போன வாரம் உதவிப்பண ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வந்தா. "மிஸ்டர் ஹோல்ராய்ட், உங்க கேஸ் மீட்டர் ஓடவே இல்லையே? இந்த வீட்டுலதான் குடியிருக்கீங்களா?"ன்னு கேட்டா. "நீங்கதானேம்மா சிக்கனமா இருக்கச் சொன்னீங்க?"ன்னேன். ரெண்டு கோட்டு மாட்டிக்கிட்டு, வாயைத் திறந்தா புகை விட்டுக்கிட்டு எதிர்ல நிக்கிறேன், அது சாட்சி இல்லையாம்! நேரா மியூரியல் வீட்டுக்குப் போயிட்டா. நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இவர் துணியை யாரு துவைக்கிறது?"

"நான்தான். அவர் வீட்டுல காயப்போட்டா விறைச்சுப்போகும்."

"சமையல்?"

"அதுவும் நான்தான். இவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் துப்பில்ல."

இப்படி என் மானத்தை வாங்கிட்டு, எனக்குன்னு இறைச்சி அடைச்சுச் சுட்டு வெச்சிருந்த பேஸ்ட்ரியில ஒரு துண்டை அந்த அம்மாவுக்கு வெட்டிக் குடுத்தா மியூரியல். சாப்பிட்டுட்டு அந்த அம்மா தீர்ப்புச் சொன்னா: "புருஷன் பெண்டாட்டியா சேர்ந்து வாழ்ந்தா, ரெண்டு பென்ஷனையும் கூட்டிப் பாப்போம், வரம்பைத் தாண்டிடும், ரெண்டு பேருக்குமே உதவி கிடையாது. தனித்தனின்னா, அவரவர் வீட்டுல வாழ்ந்து காட்டுங்க." ஆக, சூடாக்கக் காசு வேணும்னா முதல்ல என் காசுல சூடாக்கிக் காட்டணும். என்ன மூளை பாரு!

பாய்லரைப் போட்டுட்டேன். வீடு கதகதன்னு இருக்கு. மீட்டர் பேயா ஓடுது. மியூரியல் வீட்டுப் பக்கம் போறதில்ல. அவ உதவிப்பணமும் போயிடுமேன்னு பயம். நாள் முழுக்கப் பேச ஆளில்ல, மார்ஜரி. சொல்ல வெக்கமா இருக்கு, நேத்து அழுதுட்டேன். ஆனாலும் ஜெயிச்சது நான்தான். அவளுக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னு யார் கேட்டாலும் சொல்லு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் இருவரையும் அந்தக் கொடிய வெயிலிலிருந்து காப்பாராக.

இப்படிக்கு,
அண்ணன் கிளிஃபோர்ட்

பி.கு.: மேலே எழுதினதை யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே. இப்பத்தான் அந்த அம்மா போன் பண்ணினா. "கடைசியாக் கேக்கறேன், தனியாவா, சேர்ந்தா?"ன்னா. "சேர்ந்துதான்"னு வாயில வந்துடுச்சு. "ரொம்ப சந்தோஷம், ரெண்டு பேருக்கும் நிறுத்திடறேன்"னு வெச்சுட்டா. அரசாங்கத்துக்குச் சொல்லியாச்சு. மியூரியல்கிட்டதான் இன்னும் கேக்கல.