கோபம் மட்டும் பஸ் ஏறும்

கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுப்பவர்களை உங்களுக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பவர்களையும் தெரியும். கோபித்துக்கொண்டு நாமினி மாற்றுகிறவரைத் தெரியுமா? எங்கள் ஜவ்வாது மலையில் ஒருவர் இருக்கிறார். உங்கள் தெருவில் நாலு பேராவது இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

எங்கள் ஆள் பெயர் பஞ்சாட்சரம். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் உழைத்து, கைக்கு வந்த பி.எஃப். பணத்தை அப்படியே திருப்பத்தூர் வங்கியில் டெபாசிட் போட்டுவிட்டு மலைக்குத் திரும்பியவர். போட்ட அன்றே, தனக்குப் பிறகு பணம் மனைவி பாஞ்சாலைக்கு என்று நாமினி எழுதிக் கொடுத்தார். அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதவேண்டியதில்லை.

ஆனால் இந்த ரகத்து ஆட்கள் கையில் நாமினி ஒரு பிரம்பு. சாமைச் சோறு குழைந்துவிட்டதா, பாஞ்சாலை பெயரை எடு, தம்பி பழனி பெயரைப் போடு. புளி உலுக்கக் கூப்பிட்ட அன்று பழனி வரவில்லையா, அவனை எடு, மருமகன் மணிவேலைப் போடு. மணிவேல் போனை எடுக்கவில்லையா? போச்சு. ஒவ்வொரு தடவையும் "எம்பணம் யாருக்குன்னு காட்டறேன் பாரு" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டு, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். வங்கியில் அவர் தலையைப் பார்த்ததுமே படிவத்தை எடுத்து வைத்துவிடுவார்கள்.

எங்கள் ஊருக்குத் திருப்பத்தூர் பஸ் காலை ஏழு மணிக்கு ஒன்றுதான். ஆகவே சாயங்காலம் மூண்ட கோபம் காலை ஏழு வரை ஆறாமல் இருக்கவேண்டும். சுடச்சுடக் களியும் கீரைக் குழம்பும் வந்துவிட்டால் பஸ் அவர் இல்லாமலே இறங்கிவிடும். பாஞ்சாலையின் பங்கைப் பல தடவை காப்பாற்றியது களிதான்.

சரி, கோபம் வந்தால் பஸ் ஏறுகிறவர் சமாதானம் ஆனால் ஏறுவாரா? எதற்கு ஏறுவார்? சமாதானம் ஆனவர் வீட்டிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் அவருக்கு வீட்டில் அத்தனை பேர் மேலும் கோபம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தூரத்துப் பங்காளி துரைக்கண்ணு, "நீங்க சொல்றது ஞாயந்தாங்க" என்று மலை இறங்கி முடியும்வரை தலையாட்டினார். வங்கியில் நாமினியாகத் துரைக்கண்ணு பெயர் ஏறிவிட்டது. அன்று சாயங்காலமே வீட்டில் சமாதானம். துரைக்கண்ணு செங்கத்துக்குக் குடிபோய்விட்டார். கோபித்துக்கொண்டு பெயரை எடுக்கக்கூட ஆள் பக்கத்தில் இல்லை.

போன மாதம் பஞ்சாட்சரத்துக்கு நெஞ்சுவலி. பாஞ்சாலை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் மூடாமல் உட்கார்ந்திருந்து, அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து, மறுநாள் விடியற்காலையில் மருந்துச் சீட்டை வைக்கப் பெட்டியைத் திறந்தால் டெபாசிட் ரசீது. அதில் துரைக்கண்ணு.

"நாமினி வாங்கித் தருகிறவர்தானே, பணம் வாரிசுக்குத்தானே" என்கிறீர்களா, சட்டம் தெரிந்த வாசகரே? சரிதான். அதைச் சொல்லி வாங்கப் பாஞ்சாலை எத்தனை தடவை பஸ் ஏறுவது? இருப்பதே அந்தப் பணமும் பத்துப் புளியமரமும்தான். எனக்கு வயிறு எரிகிறது.

"இன்னாங்க இது?" என்றாள் பாஞ்சாலை.

"அது அப்ப ஒரு கோவத்துல போட்டது."

"இன்னிக்கே போய் மாத்திட்டு வாங்க."

"இன்னிக்கு எதுக்கு? நமக்குள்ள இப்ப இன்னா சண்டையா நடக்குது?"

"சண்டை போட்டாத்தான் பஸ் ஏறுவீங்களா?"

பஞ்சாட்சரம் நிஜமாகவே யோசித்தார். "சண்டை போட்டா உம்பேர எப்படிப் போடுவேன்?" என்றார்.

ஏழு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் பி.எஃப். தாளில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியுமா? கல்யாணத்துக்கு முன் எழுதியதா? தம்பியோடு பேசாமல் இருந்த வருஷத்தில் எழுதியதா? உங்கள் கோபம் எப்போதோ ஆறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். தாளுக்கு யார் போய்ச் சொன்னது?