கிரேக்கத்தில் பிரேக் அண்ணை

சக்கரம் கண்டுபிடித்த நாளிலிருந்து பிரேக் அண்ணையைவிட மெதுவாக வண்டி ஓட்டியவர் இந்த உலகத்தில் பிறக்கவில்லை. தென்லண்டனில் முப்பது வருடம் சிவப்பு பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். புறா ரோட்டைக் கடந்தால் பிரேக். கடக்கலாமா என்று புறா யோசித்தாலும் பிரேக். அவருடைய சொந்தப் பெயர் நாங்கள் குடியிருக்கும் நோர்பரியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்: மனைவி ராணியக்கா, தபால்காரர்.

போன வைகாசியில் அண்ணை என்னையும் என் மனைவி மேரியையும் கிரேக்கத்துக்குக் கூப்பிட்டார். ஊரெல்லாம் கிரேக்கத் தீவுகளுக்குப் போகிறது. அண்ணை மேசையில் விரித்த வரைபடத்தில் ஒரு தீவும் இல்லை. மலைகளுக்கு நடுவே திரிப்பொலி என்று ஓர் ஊர். அதைச் சுற்றிப் பழைய கல்வீட்டுக் கிராமங்கள்.

"கடல் இல்லையே அண்ணை?" என்றேன்.

"கடலுக்குள்ள பஸ் ஓடாது தம்பி. இங்க பாரும், எத்தினை ரோட்டு!"

ராணியக்கா வர மறுத்துவிட்டார். "முப்பது வருசம் இவற்ற காரில இருந்தது காணும். நீங்கள் போட்டு வாங்கோ."

ஏதென்சில் இறங்கியதும் மூன்று பேருக்கு ஒன்பது சீட் வான் ஒன்றை அண்ணை வாடகைக்கு எடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "ஆரும் ஏறினால்?" என்றார். திரிப்பொலிக்குப் போகும் இரண்டு மணி நேரப் பாதைக்கு ஐந்து மணி நேரம் ஆனது. எங்களுக்குப் பின்னால் ஊர்ந்த கார்களின் வரிசையைப் பார்த்துவிட்டு, ஒரு கிராமத்தில் கலியாண ஊர்வலம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

'ஆரும் ஏறினால்' என்பதன் பொருள் மறுநாள் விளங்கியது. ஒரு பஸ் தரிப்பில் கிழவர் ஒருவர் வெங்காய மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். அண்ணை வானை நிறுத்திக் கதவைத் திறந்தார்.

"என்ன அண்ணை, இது பஸ் இல்லையே!"

"அது அந்தாளுக்குத் தெரியாதுதானே."

கிழவர் ஏறினார். அதன்பிறகு அந்த மலைப்பாதையில் நாங்கள் நிற்காத தரிப்பு இல்லை. திமிட்சானா என்ற கிராமத்தின் பழைய நூலகத்தைப் பார்க்கப் போனோம். பார்த்தது, வழியில் பல்வலியோடு ஏறிய நீளத்தாடிப் பாதிரியார் ஒருவரின் பல் வைத்தியரை. பாதிரியார் என்பதால் மேரி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். அடுத்த நாள் பெட்டிக்குள் ஒரு சேவலை ஏற்றியபோது பொறுக்கவில்லை. "அண்ணை, நாளைக்குக் கடைசி நாள். காரிதெனாக் கோட்டையை நான் பாக்கவேணும். அதுக்காகத்தான் வந்தனான். ஒருத்தரையும் ஏத்தக்கூடாது."

"ஓம், ஓம். சத்தியமா ஏத்தமாட்டன்."

கடைசி நாள். ஸ்டெம்னிட்சா கிராமத்துத் தரிப்பில் கறுப்பு உடுப்போடு ஒரு பெண் நின்றார். அண்ணை நேரே பார்த்தபடி தாண்டிப் போனார். நூறு மீட்டர் போயிருக்கமாட்டோம், பிரேக். "கண்ணாடியில பாத்தனான். அந்த மனுசி அழுகிறா" என்றார், மேரியைத் திரும்பிப் பாராமல்.

நான் இறங்கி ஓடிப்போய்ப் போனை நீட்டினேன். அவர் அதில் பேச, போன் தனக்குத் தெரிந்த தமிழில் மொழிபெயர்த்தது: "என் கணவர் ஒரு மணிக்குத் திரிப்பொலியில் வெட்டப்படுகிறார். பஸ் தப்பி ஓடிவிட்டது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இதய ஆபரேஷன் என்று புரிந்தது. நேரம் பன்னிரண்டாகப் பத்து நிமிடம். திரிப்பொலி நாங்கள் வந்த பக்கம், கோட்டை எதிர்ப்பக்கம்.

"நீர் சொல்லும் பிள்ளை. சத்தியம் உமக்குத்தான் பண்ணினனான்" என்றார் அண்ணை.

மேரி கதவைத் திறந்து அந்தப் பெண்ணைத் தன் பக்கத்தில் இருத்தினாள். "கோட்டை எத்தினையோ நூறு வருசமா நிக்குது, இனியும் நிக்கும். நீங்கள் ஓடுங்கோ அண்ணை!"

அண்ணை ஓடினார். முப்பது வருடமாக இந்த மனிதர் எங்கே ஒளித்துவைத்திருந்தார் இந்த ஓட்டத்தை? கொண்டை ஊசி வளைவுகளில் வான் தண்ணீர் போல வழுக்கி இறங்கியது. ஒரு தடவைகூட நாங்கள் சீட்டில் குலுங்கவில்லை. நான் மாதாவைக் கூப்பிட்டேன். மேரியும் அந்தப் பெண்ணும் ஆளுக்கொரு மொழியில் அதே மாதாவைத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஆஸ்பத்திரி வாசல். மேரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. "கட்டிலோட தள்ளிக்கொண்டு போகேக்க பிடிச்சிட்டம் அண்ணை. அந்தாள் இவவைக் கண்டதும் சிரிச்சது."

"இப்ப போனால் கோட்டை பூட்டமுன்னம் போகலாம்," என்றேன்.

அண்ணை அசையவில்லை. "முடிவு தெரியாமல் எப்பிடித் தம்பி போறது?"

வாகனத் தரிப்பிடத்தில் ஐந்து மணி நேரம் இருந்தோம். கடைசியில் அந்தப் பெண் வெளியே வந்தார். நாங்கள் இன்னும் நிற்பதைப் பார்த்துத் திகைத்தார். பிறகு இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து, கணவர் தூங்குகிறார் என்று காட்டிச் சிரித்தார், உடனே அழுதார். அண்ணையின் தலையைப் பிடித்து இழுத்து நெற்றியில் முத்தமிட்டார். ராணியக்காவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று அண்ணை எங்களிடம் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டார்.

அவர் போனபிறகு அண்ணை சாவியை என்னிடம் நீட்டினார். "நீர் ஓட்டும். எனக்குக் கை நடுங்குது."

நான் சாவியை வாங்கி வானை எடுத்தேன்.

திரிப்பொலிச் சதுக்கத்தில் ஒரு கடையில் கோப்பி சொன்னோம். கோட்டையைத் தபால் அட்டையில்கூடப் பார்க்காத மேரி, அண்ணையின் கோப்பையை எடுத்து, கேட்காமலே இரண்டு கரண்டி சீனி போட்டு, கலக்கி, ஆற்றி, அவர் கைக்குள் வைத்தாள். கலியாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. அன்றைக்கு எனக்குப் பொறாமை வரவில்லை. அவள் ஆற்றியிராவிட்டால் நான் ஆற்றியிருப்பேன்.