றிலே அண்ணையும் கோயில் மதிலும்

மனிதருடைய பொறுமையைச் சோதிப்பதற்கென்றே இந்த உலகத்தில் சிலரைப் படைத்து விட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு தலைமைக் கந்தோர் இருந்தால், அது உரும்பிராயில், எங்கள் பிள்ளையார் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு தகரக் கொட்டிலில்தான் இருக்கும். அங்கேதான் றிலே அண்ணை இருக்கிறார். வாகனங்களுக்கு வயர் வேலை செய்கிறவர். அவரிடம் போன வாகனம் எப்படியோ திருந்தி வந்துவிடும். கொண்டுபோன மனிதன்தான் கெட்டுப்போய் வருவான்.

அவருடைய சொந்தப் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. றிலே என்பது தீப்பெட்டி அளவான ஒரு சாமான். பெரிய கரண்டைச் சின்ன சுவிச் தாங்காது என்பதற்காக நடுவிலே பூட்டுவது. சுவிச் றிலேக்குச் சொல்லும், றிலே லைற்றுக்குக் கரண்டை விடும், சுவிச் எரியாமல் தப்பும். இதைக் கண்டுபிடித்தவனுக்குத் தேர் இழுக்க வேண்டும் என்பது அண்ணையின் கட்சி. ஹோர்ன் அடிக்கவில்லை என்று போனாலும் றிலே, வைப்பர் ஓடவில்லை என்று போனாலும் றிலே. ஒருமுறை ஓட்டோக்காரர் ஒருவர், மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்ட கவலையைத் தெரியாத்தனமாக அவரிடம் சொல்லிவிட்டார்.

“நீர் நேரை கதைக்கிறீர், அவவும் நேரை கதைக்கிறா. நடுவிலை ஒண்டும் இல்லை. எரியாமல் என்ன செய்யும்? மாமியாரை நடுவிலை போடும்” என்றார் அண்ணை.

ஓட்டோக்காரர் அப்படியே செய்தார். அதன் பிறகு நடந்ததை இங்கே எழுத முடியாது. அவர் இப்போது வயர் வேலைக்குக் கோப்பாய்க்குப் போகிறார்.

றிலேயை எவ்வளவு நேசித்தாரோ அவ்வளவு எல்.இ.டி. பல்பை வெறுத்தார். இப்போது குடாநாட்டில் எல்லோரும் வெள்ளை வெளேரென்று எரிகிற பல்புகளைப் பூட்டிக்கொண்டு திரிகிறார்கள் அல்லவா? அப்படி ஒரு வாகனம் எதிரே வந்தால் அண்ணை சைக்கிளால் இறங்கி, ஸ்ராண்டைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நடுவீதியில் நின்றுவிடுவார். வாகனம் நிற்கத்தான் வேண்டும். கண்ணைத் திறக்காமலே சாரதியுடன் கதை தொடங்குவார்.

“நீர் என்னைக் காணுறீர். நான் உம்மைக் காணேல்லை. நியாயமோ, சொல்லும்.”

பின்னால் வரிசையாக வாகனங்கள் ஹோர்ன் அடிக்கும். அண்ணை நியாயம் கிடைக்கும்வரை நகரமாட்டார்.

இப்படிப்பட்டவரிடம் நானாகப் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரு கிணறு. பகலில் எனக்குக் கந்தோர், பின்னேரத்தில் வெங்காயத் தோட்டம். இரண்டுக்கும் நடுவே ஓட ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் சட்டென்று திரும்புகிற ஒரு முடக்கு இருக்கிறது. முடக்கோடு ஒட்டினாற்போல் சுற்றுக்கட்டு இல்லாத ஒரு தோட்டக் கிணறு. வீதி விளக்கு கிடையாது. என்னுடைய பிக்கப்பின் லைற்றோ, எரிகிறதா இல்லையா என்று இறங்கிப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டிய நிலையில் இருந்தது. ஒரு மழைக்காலப் பொழுதுபட்ட நேரம், மகளை ரியூசனால் ஏற்றிக்கொண்டு வந்தவன் முடக்கு வந்ததே தெரியாமல் நேரே விட்டுவிட்டேன். கடைசிக் கணத்தில் ஏதோ வெறுமை தெரிந்து பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால் முன் சில்லுக்கும் கிணற்று விளிம்புக்கும் இடையில் ஒரு சாண் புல்தான் இருந்தது.

நான் வீட்டில் சொல்லவில்லை. மகள் சொல்லிவிட்டாள். மனைவி சத்தம் போடவில்லை என்பதிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“இஞ்சருங்கோ, பொழுதுபட்டாப் பிறகு என்ரை பிள்ளை இனி உதிலை ஏறமாட்டாள். லைற்றைத் திருத்துங்கோ. இல்லாட்டி உதை வித்துப்போடுங்கோ.”

பிக்கப்பை விற்பதும் என் காலை விற்பதும் ஒன்றுதான். அடுத்த நாளே யாழ்ப்பாணம் போய் ஒரு சோடி எல்.இ.டி. பல்பு வாங்கி, பூட்டித் தரச் சொல்லி அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். அதோடு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் பெட்டி இல்லை.

“எங்கை அண்ணை பல்பு?”

“கோழிக்கூட்டிலை பூட்டப் போறன். பகல் எண்டு நினைச்சு இரவிலையும் முட்டை போடுதோ பாப்பம்.”

“அது என்ரை பிக்கப்புக்கு வாங்கினது.”

“தம்பி, உம்மடை பிக்கப்புக்குப் பல்பு வருத்தம் இல்லை. கண்ணாடி மஞ்சள் பத்திக் கிடக்கு. உள்ளுக்குத் தகடு மங்கிப்போச்சு. வயர் தலைமயிர் மொத்தம். பற்றரியாலை வெளிக்கிடுற கரண்ட் பாதி வழியிலை களைச்சுப் படுத்திடுது. எல்லாத்தையும் கழட்டிச் செய்து, நல்ல மொத்த வயர் இழுத்து, நடுவிலை ஒரு...”

“றிலே” என்றேன் நான்.

“பாத்தீரோ, உமக்கே விளங்குது.”

என் கண்ணுக்கு முன்னாலேயே பிக்கப்பின் இரண்டு லைற்றையும் தோண்டி எடுத்துவிட்டார். நாளைக்கு வாரும் என்றார். அந்த நாளை வரவேயில்லை. ஒருநாள் போனால், கண்ணாடியைப் பற்பசை போட்டுத் தேய்க்கிறேன், இன்னும் பதம் வரவில்லை என்பார். இன்னொரு நாள், தகடு வெயிலில் காய்கிறது, மழை விட்டால்தான் சரி என்பார். செவ்வாய்க்கிழமை புது வயர் இழுக்க மாட்டாராம். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு, உடம்பில் பலம் இல்லையாம். நான் இரண்டு ஓட்டையோடு பிக்கப்பைப் பகலில் ஓட்டித் திரிந்தேன். தோட்டத்துக்காரர்கள் கைகாட்டி மறித்து, “கண் சத்திரசிகிச்சையோ?” என்று விசாரித்தார்கள். மகள் தாயோடு ஓட்டோவில் ரியூசனுக்குப் போய்வந்தாள். என்னைக் கடந்து போகும்போது மனைவி வேறு பக்கம் பார்த்தாள்.

ஒருவழியாக லைற்றுகள் பூட்டப்பட்டன. பொய் சொல்லக்கூடாது, சுவிச்சைப் போட்டபோது பால் போல வெளிச்சம். நான் பிக்கப்பின் திறப்பை வாங்கக் கை நீட்டினேன்.

“எங்கை போறீர்? இனித்தானே குறி வைக்கவேணும்” என்றார்.

லைற் எவ்வளவு எரிகிறது என்பது பெரிதில்லை, எங்கே அடிக்கிறது என்பதுதான் விஷயம் என்று விளக்கினார். அதற்கு அவர் வைத்திருந்த கருவி பிள்ளையார் கோயிலின் வெளிமதில். பொழுதுபட்டதும் மதிலுக்கு நேரே, வீதிக்கு மறுகரையில் வாகனத்தை நிறுத்த வேண்டும். மதிலில் இருக்கிற சிவப்பு வெள்ளைப் பட்டைகளில், அவர் சொல்கிற சிவப்பில் இடது வெளிச்சம் விழவேண்டும். அதிலிருந்து அவர் எண்ணிச் சொல்கிற சிவப்பில் வலது வெளிச்சம் விழவேண்டும். உயரத்துக்கு அவரே மதிலடியில் போய் நிற்பார். வெளிச்சம் அவருடைய இடுப்புச் சாரக்கட்டுக்கு மேலே போகக்கூடாது. ஊரில் அவ்வளவு வாகனங்களுக்கும் இதுதான் அளவு.

“ஒரு அளவு நாடா வைச்சால் என்ன அண்ணை?”

“நாடா இழுபடும் தம்பி. மதில் இழுபடாது. சரி, சேட்டைக் கழட்டும்.”

“ஏன்?”

“சுவாமியின்ரை மதிலுக்கு முன்னாலை சேட்டோடை நிக்கிறதோ?”

அவர் ஏற்கனவே கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார். நானும் கழற்றினேன். வெறும் மேலோடு சாரதி இருக்கையில் இருந்து, லைற்றைப் போடு என்றால் போட்டு, நூர் என்றால் நூர்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் கந்தோர் மேலதிகாரி குடும்பத்தோடு பூசைக்கு வந்தார். நான் அப்படியே இருந்தபடி வணக்கம் சொன்னேன். அவருடைய மனைவி பிள்ளைகளின் கண்ணை மறைத்துக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கே, பூசைக்கு வந்திருந்த மனைவியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் வெள்ளோட்டம் விட்டேன். வாய்க்கால் மதவு கடந்து இருட்டுக்குள் திரும்பியதும்தான் விஷயம் தெரிந்தது. இடது லைற் இடதுபக்கத்து வேலியில் ஒவ்வொரு கதியால் தடியையும் தனித்தனியாகக் காட்டியது. வலது லைற் வலதுபக்கத்து வீட்டு விறாந்தைக்குள் போய், அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கோப்பையில் என்ன கறி என்று காட்டியது. நடுவிலே வீதி மட்டும் கும்மிருட்டு. முடக்குக்குக் கிட்டப் போகுமுன்பே மனைவி, “நிப்பாட்டுங்கோ” என்றாள். இறங்கினாள். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு போனேன்.

விடிந்ததும் விடியாததுமாய்ச் சண்டைக்குப் போனேன். எனக்கு முன்பே பால் வான்காரரும் உழவு இயந்திரக்காரர் ஒருவரும் அங்கே நின்றார்கள். அந்தக் கிழமை அண்ணை குறி வைத்த வாகனம் எல்லாம், இரண்டு லைற்றும் இரண்டு திசை பார்க்க, வாக்குக்கண்ணாகப் போயிருந்தது. என்னுடைய கோபத்துக்கு இடமே கிடைக்காதபடி அவர்கள் இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணை ஒரு தடியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். வடக்கு மதிலில் மரத்துக்குப் பின்னால் கொஞ்சம் பழைய வர்ண மை இருந்தது. அந்தப் பட்டையைத் தடியால் அளந்தார். பிறகு வந்து முன் மதிலில் வைத்தார். புதுப் பட்டை நன்றாக அகலம்.

விஷயம் இதுதான். திருவிழாவுக்கு யாரோ வெளிநாட்டிலிருந்து உபயமாக மதிலுக்கு மை அடித்துக் கொடுத்திருந்தார்கள். மேலிருந்து ட்ரோனில் படம் பிடித்தால் பட்டை எடுப்பாகத் தெரியவேண்டும் என்று உபயகாரர் சொல்லி, மைகாரர் பட்டையை அகட்டிவிட்டார். அண்ணை வழமைபோல எண்ணிக்கை பார்த்து வைத்த வெளிச்சங்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விலகிப் போய்விட்டன.

“மதில் இழுபட்டுப்போச்சு” என்றார் அண்ணை. தன்னில் பிழை என்று ஒரு சொல் வரவில்லை.

வேறு யாராவது என்றால் ஒரு அளவு நாடா வாங்கியிருப்பார்கள். இவர் நேரே கோயில் தலைவரிடம் போனார். எங்களையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“பழைய அளவிலை பட்டையை அடிச்சுத் தாங்கோ. ஊரிலை வாகனம் எல்லாம் வாக்குக்கண்ணாப் போச்சு.”

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “மதிலுக்கு மை அடிச்சது பிள்ளையாருக்கு. நீர் திருத்திற வாகனங்களுக்கு இல்லைக் காணும்.”

“பிள்ளையார் உள்ளுக்கு இருக்கிறார். வெளி மதிலை ஊர்தானே பாக்குது?”

தலைவர் எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்குத் தலை வெடித்தது. நான் அண்ணையிடம் அன்றுவரை அடக்கி வைத்ததெல்லாம் கொட்டினேன். பல்பைத் தாருங்கோ, வேறு ஆளிடம் போறன் என்றேன். அதோடு நிற்காமல் கிணற்றுக் கதையையும் சொன்னேன். முன் சில்லு நின்ற இடம், மகள் பக்கத்தில் இருந்தது, மனைவி விதித்த சட்டம் எல்லாம். இவ்வளவு நாளும் அதை அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் முதல்தடவையாக என்னிடம் எதற்கும் பதில் சொல்லாமல் போனார்.

அன்று பின்னேரம் இருட்டுகிற நேரம், வீட்டுப் படலையில் சைக்கிள் மணி கேட்டது. அண்ணை. கையில் ஒரு திருப்புளி, மேலில் தும்பைவெள்ளைச் சேட்டு.

“பிக்கப்பை எடும். மதிலை இனி நம்பேலாது. உந்தக் கிணத்தடியிலை வைச்சுச் செய்வம்.”

மனைவியும் மகளும் பின்னால் நடந்து வந்தார்கள். முடக்குக்கு முன்னால், கொஞ்சத் தூரத்தில் பிக்கப்பை நிறுத்தச் சொன்னார். பிறகு நேரே நடந்துபோய்க் கிணற்று விளிம்பில், கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து நின்றார்.

“அண்ணை, பின்னுக்குக் கிணறு” என்று கத்தினேன்.

“கிணறு எனக்குத் தெரியும். உமக்குத்தான் தெரியாமல் கிடந்தது. லைற்றைப் போடும். நான் தெரியுறனோ?”

“இல்லை.”

வந்து திருப்புளியால் திருகினார். திரும்பப் போய் அதே இடத்தில் நின்றார். “இப்ப?”

“கால் மட்டும் தெரியுது.”

மறுபடி வந்தார், மறுபடி போனார். அந்த ஈர மண்ணில் ஒவ்வொரு தடவையும் அவர் பின்னுக்கு எட்டி வைக்கும்போது என் கால் பிரேக்குக்குப் போனது. வண்டி அசையாமலே நின்றது, ஆனாலும் முழுப் பலத்தையும் போட்டு மிதித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவருடைய சாரக்கட்டும், இரண்டு காலும், காலுக்குப் பின்னால் கிணற்றின் கறுப்பு வாயும், வாயைச் சுற்றிய புல்லும் பளிச்சென்று தெரிந்தன. ஒழுங்கையின் இரண்டு கரையும் தெரிந்தது.

“தெரியுது அண்ணை. முழுக்கத் தெரியுது. இஞ்சாலை வாங்கோ.”

“கண்ணிலை அடிக்கேல்லை. எதிரை வாறவனுக்கும் பயம் இல்லை” என்று அங்கே நின்றபடியே நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். மனைவியின் பக்கம் திரும்பி, “பிள்ளை, இனி மோளை ஏத்தலாம்” என்றார். மனைவி பிக்கப்பின் கதவைத் திறந்து மகளை உள்ளே ஏற்றினாள். பிறகு தானும் ஏறினாள். அண்ணை லைற் இல்லாத தன்னுடைய சைக்கிளில் இருட்டுக்குள் போனார்.

அதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோயில் தலைவரோடு இன்னும் வழக்கு நடக்கிறது. என்னுடைய பல்புகள் கோழிக்கூட்டில்தான் எரிகின்றன. லைற் எப்படி என்று கேட்டால், பரவாயில்லை என்றுதான் நான் சொல்வேன். நல்லது என்று சொன்னால் இன்னும் நல்லதாக்கக் கழற்றிவிடுவார். ஆனால் மகளை ஏற்றிக்கொண்டு அந்த முடக்கில் திரும்புகிற ஒவ்வொரு நாளும், அங்கே யாரும் நிற்கவில்லை என்று தெரிந்தும், ஒரு கணம் காலைப் பிரேக்கில் வைத்துவிட்டுத்தான் போகிறேன்.