பூஜையன்று நின்ற ஆறு

உடையார்பாளையத்தில் முந்திரித் தோப்பும் முழங்கால் வலியுமாக இருக்கும் மைத்துனன் சிங்காரவேலுவுக்கு, குரும்பலூரிலிருந்து மாமா அய்யம்பெருமாள் எழுதிக்கொண்டது. அங்கே எல்லாரும் சுகம்தானே. இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. போனில் பேசினால் உன் அக்கா மலர்கொடி காதில் விழும், அதனால்தான் தபால்.

உன் அக்கா மகள் புவனேஸ்வரி பிஎச்.டி. கணக்கை முடிக்கிறேன் என்று கம்ப்யூட்டரோடு வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஆற்றுத் தண்ணீர் பாலத் தூணில் மோதிப் பின்னால் சுழி போட்டுக்கொண்டு போகிறதே, அதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாதாம். அதனால் ஆற்றைக் குட்டிக் குட்டிக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுழைந்தது அத்தனையும் வெளியேறிவிட்டதா என்று சரிபார்த்து, கண்ணிமைக்கும் நேரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு பொடிக்கும் மறுபடி போட வேண்டுமாம். நறுக்கியது கொஞ்சம் பெரிசானால் கணக்கு வெடித்துவிடுமாம். நம்ம மருதையாத்துல மழைக்காலத்துல நாலு நாள் ஓடினாலே பெருசு. இவ பெட்டிக்குள்ள ராப்பகலா ஓடுது. இன்வெர்ட்டர் அதுக்கு, ஃபேன் அதுக்கு, எனக்கு விசிறி மட்டை.

இந்த நிலையில ஆயுத பூஜை வந்துச்சு. மண்வெட்டி, அரிவாமனை எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வச்ச உன் அக்கா, மக பூ வாங்கப் போன நேரத்துல, "பாவம், ஒரு மாசமா உழைக்குது, இன்னைக்காவது ஓய்வெடுக்கட்டும்"னு கம்ப்யூட்டரை அணைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மேல பொரிகடலைத் தட்டையும் வச்சுட்டா.

புவனா வந்து பார்த்தா. "ஆறு நின்னுடுச்சும்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போனவதான், அம்மாகிட்ட பேச்சே இல்லை. இந்த மாசக் கடைசிக்குள்ள அவ சாருக்குக் கணக்கைக் காட்டணும். உன் அக்கா சரியாச் சாப்பிடறதில்லை. "நான் வேணா அவ சார்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டுங்களா"ன்னு அழுவுறா. எனக்குப் பார்க்கவே மனசு தாங்கல. "உப்பு போதுமான்னு கேளுங்க", "போதும்னு சொல்லுங்க" என்று நடுவில் நான். ரிட்டயர் ஆன கண்டக்டருக்கு மறுபடி டியூட்டி.

தாய்மாமன் சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைப் பேச வை. உன் வீட்டுக்காரி வேணிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். கொஞ்சம் முந்திரிப் பருப்பு கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
நொந்துபோன மாமா,
அய்யம்பெருமாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி, நீ வரப்போறேன்னு புவனாகிட்ட சொன்னேன். அவ முகமே மாறிடுச்சு. "அவரை எதுக்குப்பா கூப்பிட்டீங்க? அந்தக் கணக்கு பூஜைக்கு முந்தியே வெடிச்சுப்போச்சு. அவசரப்பட்டு நேரத்தைப் பெருசா நறுக்கிட்டேன். பெட்டி சும்மாதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. அம்மா அணைச்சுட்டாங்கன்னு சொன்னதும் சார் இன்னொரு மாசம் குடுத்துட்டார். அம்மாகிட்ட பேசுனா உளறிடுவேன்னுதான் பேசல"ன்னா. திரும்பிப் பார்த்தா நிலைப்படியில உன் அக்கா, கையில மகளுக்குக் கொண்டுவந்த காபி. அந்தக் காபியை அங்கயே நின்னு தானே குடிச்சுட்டுப் போயிட்டா. மாப்ள, ஞாயித்துக்கிழமை கட்டாயம் வந்துடு. பேச வைக்கவேண்டிய ஆள்தான் மாறியிருக்கு.