யாவருக்கும் ஏற்ற வண்டி

சக்கரத்துக்குப் பிறகு மனிதகுலம் கண்டுபிடித்த ஒரே உருப்படியான பொருள், பொத்தான் இல்லாத கார்தான். ஒரு கார் தொழிற்சாலையின் தலைமை வடிவமைப்பாளர், டாஷ்போர்டில் இருந்த பொத்தான், திருகு, நெம்புகோல் அத்தனையையும் பிடுங்கி எறிந்துவிட்டு, வழவழவென்று ஒரு கண்ணாடித் திரையைப் பதித்திருந்தார். விளக்கு, ஏசி, வைப்பர் எல்லாம் அதற்குள்ளே குடித்தனம்.

இப்பேர்ப்பட்ட சாதனைக்குக் குறுக்கே நின்றது ஒரே ஒரு கையெழுத்து. சோதனை ஓட்டுநருடையது. தொட்டதற்கெல்லாம் வண்டியை நிறுத்தி நொட்டை சொல்வதால் அவருக்கு 'பிரேக்கார்' என்று பட்டம். 'இவ்வண்டி யாவருக்கும் ஏற்றது' என்று படிவத்தில் அச்சடித்தே வைத்திருந்தார்கள். ஐந்து மணிக்குள் அதனடியில் கையெழுத்துப் போடாவிட்டால், நாளை முதல் அவர் தொழிற்சாலை வாசலில் பார்க்கிங் சீட்டுக் கிழிக்கலாம் என்று நிர்வாகம் 'அன்புடன்' தெரிவித்திருந்தது.

"வைப்பர் எங்க சார் இருக்கு?" என்று வடிவமைப்பாளரிடம் கேட்டார் பிரேக்கார்.

"'வசதிகள்'ல போங்க. அதுல 'வெளிச்சூழல்'. அதுல 'கண்ணாடி'. அதுக்குள்ள 'ஈரப்பத மேலாண்மை'."

"அங்க போய்ச் சேர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேனே! காலையில லாரிக்காரன் கண்ணாடி முழுக்கச் சேறடிச்சுட்டுப் போறான். நான் வைப்பரைத் தேடுறேன், உக்கார்ற சீட்டு சூடாகுது!"

"அதுக்குப் பேருதான் அனுபவம்ங்க."

அந்நேரம் வடிவமைப்பாளரின் மனைவி, மூன்று வயது மகளோடு வந்து சேர்ந்தார். குழந்தை கையில் மஞ்சள் நிறப் பொம்மை ஸ்டியரிங். அதில் பதினோரு பொத்தான்கள்.

"இதுவும் நம்ம டிசைன்தான்," என்று பூரித்தார் வடிவமைப்பாளர். "முதல்ல இதுலயும் திரைதான் வச்சோம். குழந்தைங்க தூக்கி எறிஞ்சுட்டாங்க. பாக்காமலே கைக்குத் தட்டுப்படணுமாம். மாத்திட்டோம்."

"அப்ப நானும் தூக்கி எறியட்டுமா சார்?"

"விளையாடாதீங்க. மணி நாலு அம்பது."

வானம் பொத்துக்கொண்டு கொட்ட ஆரம்பித்தது. பிரேக்கார் பேனா மூடியைத் திறந்தார்.

"போட்டுடறேன் சார். மேடத்தையும் பாப்பாவையும் இந்த வண்டியிலயே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்க கேட்டைத் தாண்டின நிமிஷம் கையெழுத்து ரெடி."

"ஐ, புது வண்டியிலயா?" என்று மனைவி கதவைத் திறக்கப் போனார்.

வடிவமைப்பாளர் மழையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"சும்மா இரு. பாப்பா இருக்கா."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக ஓடி, பெயின்ட் உரிந்த தன் பழைய காரில் ஏறினார். கண் சாலையில் இருக்க, கை தானாகப் போய் நெம்புகோலைத் தட்டியது. வைப்பர் துள்ளி எழுந்தது. பின்சீட்டில் பாப்பாவும் தன் வைப்பர் பொத்தானை அமுக்க, 'கிர்ர்ர்' என்று வண்டி கேட்டைத் தாண்டியது.

பிரேக்கார் சொன்ன சொல் தவறாதவர். படிவத்தில் ஒரே ஒரு சொல்லை அடித்தார். அதன் தலைக்குமேல் மூன்று சொற்களை எழுதினார். சுழித்துக் கையெழுத்தும் போட்டார்.

'இவ்வண்டி ஊரார் பிள்ளைகளுக்கு மட்டும் ஏற்றது.'