தங்கை மகள் பிடுங்கிக்கொண்டு போன பீஸ் கட்டை

கொல்லயில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தங்கை சரோஜத்துக்கு அண்ணன் கிருஷ்ணன்குட்டி எழுதுவது.

உன் மகள் ஜிஷா நான் வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டு மெயினில் இருந்த பீஸ் கட்டையைப் பிடுங்கி, ஹேண்ட்பேக்கில் போட்டு, ஜிப்பையும் இழுத்து மூடிக்கொண்டு குழித்துறைக்குப் போய்விட்டாள். இதைச் சொல்லாமல் நலம் விசாரிக்க என் பேனா ஓடவில்லை. இனி நலம். நானும் புஷ்பபாயும் சுகம். உன் முட்டுவலியும் மாப்பிள்ளையின் சர்க்கரையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் கத்துவேன், நீ அழுவாய், மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டு அடுத்த வீட்டுக்கும் கேட்க வைப்பார். எழுத்து என்றால் நான் பேசி முடிக்கும்வரை நீங்கள் வாயை மூடித்தான் ஆக வேண்டும்.

நடந்ததைக் கேள். பிள்ளைக்கு வயர்மேன் லைசன்ஸ் கிடைத்திருக்கிறது, முதல் வேலை மாமன் வீட்டில் ஆகட்டும் என்று ஆசைப்பட்டு நான்தான் கூப்பிட்டேன். வேலை என்ன? வாடகை வீட்டில் ஒரு ஃபேன் முனகுகிறது, அவ்வளவுதான். வந்தவள் ஃபேனைப் பார்க்கவில்லை. குடியிருக்கிற பின்சியின் காலைப் பார்த்தாள். "வீட்டுக்குள்ள எதுக்கு அக்கா ரப்பர் செருப்பு?" என்று கேட்டாள். பின்சி நர்ஸ், நல்ல பிள்ளை, ஆனால் வாயில் ஒன்றும் தங்காது. "பிரிட்ஜ் திறக்கும்போ போடணும். அங்கிள் சாவி தந்தப்போ செருப்பும் சேத்துத் தந்தாங்க. சாரமில்ல, பரவால்ல, சும்மா ஒரு கடி கடிக்கும், அவ்வளவுதான்" என்று உளறிவிட்டாள். நீயே சொல் சரோஜம், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் தேடு, குடிவருகிறவர்களுக்குத் தன் செலவில் புதுச் செருப்பு வாங்கித் தருகிற வீட்டுக்காரன் வேறு யார் உண்டு? இதற்கு என்னைப் பாராட்ட வேண்டாமா? உன் மகள் நேரே மெயின் போர்டுக்குப் போனாள். கரண்டு கசிந்தால் தானாக நின்றுவிடுகிற டிரிப் ஸ்விட்ச் ஒன்று அங்கே உண்டு. மழை பெய்தால் நிற்கும், மிக்ஸி போட்டால் நிற்கும், தும்மினால் நிற்கும் என்று ஒரே தொல்லை. அதனால் கரண்டு அதன் வழியே போகாமல் சுற்றிப் போக ஒரு கம்பியைக் கொடுத்து நான்தான் அதன் சல்லியத்தை ஒழித்தேன். "மாமா, அது நாயாக்கும். கள்ளன் வந்தா குரைக்கும். நீங்க நாயோட வாயைத் தச்சு வச்சிருக்கீங்க" என்கிறாள். சரி, எர்த் எங்கே என்றாள். கிணற்றங்கரையில் காட்டினேன். கம்பி இருந்தது. அதில் பிள்ளைத்துணி காய்ந்துகொண்டிருந்தது. துணிக்கொடி அறுந்துபோன நாளில் பின்சிக்கு அவசரம், எர்த் கம்பியை அவிழ்த்துக் கொடியாகக் கட்டிக்கொண்டாள், நானும் பாவம் என்று விட்டுவிட்டேன். மனிதாபிமானம் ஒரு குற்றமா?

நாற்பது வருஷம் மைக் செட் நடத்தினவன் நான். யாரிடமும் படிக்கவில்லை, ஷாக் அடித்து அடித்துத் தானாகப் படித்தது. திருவிழாவில் பத்தாயிரம் பல்பு மாட்டியிருக்கிறேன், ஒரு ஆளுக்கு ஒன்றும் வந்ததில்லை. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தரையில் தவழ்ந்து வந்த பின்சியின் மகள் சோனாவை, ஒன்பது மாசப் பிள்ளையை, ஜிஷா தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பெரியவங்களுக்குச் செருப்பு. சரி. தவழுற பிள்ளைக்கு எந்தக் காலுல மாமா செருப்பு போடுவீங்க?" என்றாள். பதில் இல்லாமல் இல்லை. சொல்ல இடம் தரவில்லை. பீஸ் கட்டையைப் பிடுங்கினாள், "வயரிங் மாத்தாம இது வராது" என்றாள், போய்விட்டாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக உதியன்குளங்கரைக்குப் போய்ப் பதிலை வாங்கிக்கொண்டு வந்தேன். இருக்கிறதிலேயே சின்ன ரப்பர் செருப்பு, ரெண்டு ஜோடி. கடைக்காரன், "இரட்டைப் பிள்ளையா அண்ணாச்சி?" என்றான். "ஒண்ணுதான். கைக்கும் சேத்து" என்றேன். அவன் சிரித்தான். வீட்டுக்கு வந்தால் புஷ்பபாய் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். மாட்டிப் பார்த்தோம். சோனா நாலையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கடித்தாள்.

இப்போது என் நிலைமை என்ன தெரியுமா? கரண்டில்லாத வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி இருப்பார்கள் என்று புஷ்பபாய் மூவரையும் எங்கள் முன்னறைக்குக் கூட்டி வந்துவிட்டாள். இன்றோடு ஆறு நாள். வீட்டுக்காரன் வீட்டிலேயே வாடகைக்காரன். பின்சியின் மாப்பிள்ளை ஜிஜோ விழிஞ்ஞத்தில் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போகிறவன், தினமும் நெத்திலி கொண்டு வருகிறான், எனக்கு முன்னால் அவனுக்குத்தான் புஷ்பபாய் சாப்பாடு விளம்புகிறாள். பேப்பரில் நான் படிக்கிற பக்கம்தான் சோனாவுக்குத் தின்ன வேண்டும். மத்தியானம் கண் அசந்தால் என் வயிற்றில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைப் பிடுங்குகிறாள். தராவிட்டால் உதட்டைப் பிதுக்குகிறாள், உடனே தந்துவிட வேண்டியிருக்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது என்று நினைத்துவிடாதே. முறையிடுகிறேன் ஆக்கும்.

ஆகையால் ஒழுங்காகச் சொல்கிறேன். ஜிஷா பீஸ் கட்டையைத் திருப்பித் தர வேண்டும். மாமன் போட்ட வயரிங்கை நாய் என்றும் பேய் என்றும் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ அவளை நாலு வார்த்தை கண்டிக்க வேண்டும். அதுவரை அவள் என் வீட்டு மெயின் போர்டுப் பக்கம் கால் வைக்கக் கூடாது. நான் ஒன்றும் செய்வதாக இல்லை.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். லைசன்ஸ் வாங்கின பிள்ளைக்கு என் ஆசீர்வாதம் உண்டு, கோபம் வேறு, அது வேறு.

உன் அண்ணன்,
கிருஷ்ணன்குட்டி.

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப்பருக்கை எடுக்க அடுக்களைக்குப் போனேன். சோனா எங்கள் பிரிட்ஜைப் பிடித்து எழுந்து நிற்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். இந்த வீட்டு வயரிங்கும் என் கைதான் என்று அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. பிரிட்ஜில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. திரும்பிப் பார்த்தால் புஷ்பபாய் செருப்புப் போட்டு நிற்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நிற்கிறாள், பித்தவெடிப்புக்காக்கும் என்று நினைத்திருந்தேன். "ஷாக் அடிக்குன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்றேன். "சொன்னா இன்னொரு ஜோடி வாங்கித் தருவீங்க" என்றாள்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் அடித்துவிடு. எங்கள் வீட்டுப் பீஸ் கட்டையையும் நானே பிடுங்கி, இந்தக் கடிதத்தோடு ஜிஜோ கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் மூன்று நாள் ஆகும். இனி செய்ய வேண்டியது இது. ஜிஷா நாளைக் காலை முதல் பஸ்ஸில் வர வேண்டும். முதலில் இந்த வீடு, பிறகு அந்த வீடு, ரெண்டிலும் பழைய கம்பி ஒன்றும் மிஞ்சக் கூடாது. எர்த்துக்குக் குழி தோண்டுவது ஜிஜோ, அதில் போடக் கரியும் உப்பும் சுமந்து வருவது உன் மாப்பிள்ளை, அவருக்கும் நடை நல்லது. டிரிப் ஸ்விட்ச் குரைத்தால் ஏன் என்று பார்ப்பது ஜிஷா மட்டும், நான் தொட மாட்டேன். நீ அவளை ஒரு வார்த்தையும் கண்டிக்கக் கூடாது. புஷ்பபாய் எல்லோருக்கும் சோறு வைப்பாள். ஃபேன் இல்லாத இந்தப் புழுக்கத்தில், அதெல்லாம் முடிகிறவரை சோனாவைக் கீழே இறக்காமல் தூக்கி வைத்திருப்பது நான்.